காலையில் கேட்காதது

ராத்தா தன் முக்காட்டின் ஓரத்தை இழுத்து வாயை மறைத்துக்கொண்டு, “ஒங்கட பேரென்ன மகள்?” என்று கேட்டார். அதுவரை அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்த சிறுமி இப்போது சிரித்தாள். ராத்தா அதே குரலில், அதே வேகத்தில் மறுபடியும் கேட்டார். சிறுமி இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரித்தாளே தவிர பதில் வரவில்லை. முக்காட்டை இறக்கிவிட்டு மூன்றாம் முறை கேட்டதும் அவள் பெயர், அப்பா பெயர், வகுப்பு எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஹுன்னஸ்கிரியப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் புத்தக அறை அது. ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்திருந்தது. நான் மேசை மேல் இருந்த என் பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிறுமியின் பெயருக்கு நேரே ‘இரு காதும் சரி’ என்று பச்சை எழுத்தில் வந்திருந்தது. நான் பச்சை எழுத்தை நம்பினேன்.

குண்டசாலையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இயங்கிய சிறிய கம்பனியில் நான் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த காலம். மொத்தம் நான்கு பேர் வேலை செய்தோம். முதலாளியை எல்லோரும் சேர் என்போம். பாடசாலைப் பிள்ளைகளின் காதைச் சோதிக்க, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய அளவில் ஒரு பெட்டி செய்து தரும்படி ஒரு தொண்டு நிறுவனம் கேட்டிருந்தது. அதன் நிரல் முழுவதும் நான் எழுதியது. நான் கண்டி நகரத்தின் மஹய்யாவவில் பிறந்தவள். எங்கள் வீட்டில் தலைமுறைகளாக நகரத் துப்புரவு வேலைதான். நேர்முகத் தேர்வுகளில் விலாசத்தைச் சொன்னதும் எதிரே இருப்பவரின் முகத்தில் ஒரு சிறிய மாற்றம் வரும். அதன் பிறகு கேட்கப்படும் கேள்விகள் வேறு மாதிரியாக இருக்கும். நான் எழுதும் நிரல் அப்படிச் செய்ததில்லை. சரியாக எழுதினால் ஓடும், பிழையாக எழுதினால் நிற்கும். எந்தத் தெருவில் பிறந்தவள் என்று அது கேட்காது. அதனாலோ என்னவோ, என் மெஷின் சொன்னதை ஒருவர் சந்தேகித்தால் என்னையே சந்தேகித்ததாக எனக்குப் பட்டது. நான் செய்ததற்கு நியாயம் தேடி இதைச் சொல்லவில்லை. செய்ததற்குப் பின்னால் இதுவும் இருந்தது.

பெட்டிக்குள் உள்ளங்கையளவு கணினி ஒன்றும், எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் விரல்நகமளவு சில்லு ஒன்றும் இருந்தன. கணினிக்குத் தெரிந்தது எண் மட்டும். காதுக்கு வேண்டியதோ அலை. நொடிக்குப் பல்லாயிரம் தடவை என் நிரல் அந்தச் சில்லுக்கு ஓர் எண்ணை அனுப்பும். எண்கள் ஏறி இறங்க, சில்லு தரும் வோல்ட்டும் ஏறி இறங்கி, ஹெட்போனில் மெல்லிய ஊதல் போல ஒலிக்கும். ஒவ்வொரு தடவையும் அனுப்புவது பதினாறு பிட்டுகள், அதாவது ஒன்றும் பூச்சியமுமாகப் பதினாறு இலக்கங்கள். கீழே உள்ள பன்னிரண்டு பிட்டுகள்தான் எண். மேலே உள்ள நான்கும் சில்லுக்கான கட்டளைகள். அந்த நான்கில் ஒன்று ஒலியின் அளவைத் தீர்மானிப்பது. அது ஒன்றாக இருந்தால் சொன்ன அளவு வரும். பூச்சியமானால் வோல்ட் இரண்டு மடங்காகிவிடும். ஆகவே மேலே உள்ள நான்கைத் தொடாமல் கீழே உள்ள பன்னிரண்டை மட்டும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பொத்தான் வைத்திருந்தோம். ஒரு பிள்ளையின் சோதனை முடிந்ததும் அதை அழுத்தினால் நிரலுக்கு ஒரு சமிக்ஞை போகும். நிரல் செய்துகொண்டிருந்த வேலையை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு, நான் தனியாக எழுதி வைத்திருந்த ஒரு சிறு துண்டுக்குத் தாவும். அந்தத் துண்டு, சில்லில் இருக்கும் எண்ணைத் துடைத்து ஒலியை அடக்கிவிட்டு அடுத்த பிள்ளைக்காகக் காத்திருக்கும். பத்து வரிகூட இல்லாத துண்டு. அதை எழுதி முடித்த நாளில் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெட்டியைப் பாடசாலைகளுக்கு எடுத்துப்போய்ச் சோதனை செய்ய நிறுவனம் அமர்த்தியவர்தான் ராத்தா. மடவளைக்காரர், நாற்பதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை மிஸ் என்றார்கள். பெட்டி வெளியில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நான் முதல் சில மாதங்கள் அவரோடு போய்வந்தேன். மூன்றாம் நாளே அவர், “மிஸ் மிஸ் எண்டு கூப்புடாதீங்க, ராத்தா எண்டு செல்லுங்க” என்றார். எனக்கு அக்கா இல்லை. சொல்லிப் பார்த்தபோது அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது. குளிர்ந்த காலைகளில் ஹெட்போனின் இரண்டு பக்கங்களையும் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் பிள்ளையின் காதில் வைப்பார். என்ன சாப்பிட்டுவிட்டு வந்தாய், உன் பக்கத்தில் இருப்பவள் யார் என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார். அது வெறும் பேச்சு என்று அப்போது நினைத்தேன். அந்தப் பேச்சிலேயே அவர் பாதிச் சோதனையை முடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆனது.

பஸ்ஸில் அவர் எப்போதும் என்னைத் தன் வலப்பக்கத்தில் உட்காரச் சொல்வார். ஒரு நாள் ஏன் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தன் இடது காதைத் தொட்டார். “இது சும்மா அழகுக்கு ஈக்கி, தங்கச்சி. சின்னதுல கன்னமெல்லாம் வீங்கிக் கூவக்கட்டு வந்து போயிட்டு. வேலக்கி எடுத்தவங்களுக்குத் தெரியா. நீங்களும் செல்லிராதீங்க.” ஒரு காது கேளாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்ததையும், திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கியதையும் தெல்தெனிய வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நானும் சொன்னேன்.

முதலில் சொன்ன சிறுமி நான்காம் வகுப்பு. அன்று வரிசையில் முதல் ஆளாக வந்தவள். காலையில் அவளைச் சோதித்தபோது பெட்டி, கேட்கவில்லை என்று சிவப்புக் காட்டியது. கேட்கவில்லை என்று வரும் பிள்ளையை அன்றைக்கே இன்னொரு தடவை சோதிக்க வேண்டும், இரண்டு தடவையும் சிவப்பு வந்தால் மட்டுமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுக்கலாம் என்பது நிறுவனத்தின் விதி. பத்து மணிக்கு மறுபடி சோதித்தபோது பச்சை வந்தது. அப்போதுதான் ராத்தா முக்காட்டால் வாயை மறைத்துக்கொண்டு அவள் பெயரைக் கேட்டார்.

“காலைல கேக்கல்ல, பத்து மணிக்குக் கேக்குது. ஒரு புள்ளட காது ரெண்டு மணித்தியாலத்துல சொகமாகுமா தங்கச்சி?”

“முதல்ல வர்ற பிள்ளைக்குப் பயமா இருக்கும் ராத்தா. கொஞ்சம் பழகினதும் சரியா கேக்கும்” என்றேன்.

பச்சை வந்தால் கடிதம் கொடுக்க விதி இடம் தராது. ராத்தா சிறுமியிடம் ‘இரு காதும் சரி’ என்று அச்சடித்த துண்டைக் கொடுத்து அம்மாவிடம் காட்டச் சொன்னார். அவள் அதைப் பரிசு வாங்கியவள் போல இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு ராத்தா ஒவ்வொரு பாடசாலையிலும் முதல் பிள்ளையைக் கவனிக்கத் தொடங்கினார். ஒரு நாள் முதலில் வந்த பிள்ளையை மறுநாள் கடைசியில் உட்கார வைத்தார். கடைசியில் வந்ததை முதலில் வைத்தார். “மொதல் புள்ளைக்கு ஒரு கணக்கு, மத்தப் புள்ளைகளுக்கு ஒரு கணக்குப் பாக்குது ஒங்கட மெஷின்” என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். நான் பெட்டியைக் குண்டசாலைக்குக் கொண்டுவந்து சோதித்தேன். மின்சாரத்தைப் போட்டேன், ஒலியை எழுப்பினேன், மானியால் அளந்தேன், மின்சாரத்தை அணைத்தேன். பத்துத் தடவை அப்படிச் செய்தேன். பத்துத் தடவையும் அளவு இம்மியும் பிசகவில்லை. அடுத்த தடவை ராத்தா அந்தப் பேச்சை எடுத்தபோது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் நிறுவனத்துக்கு எழுதினார். நிறுவனம் எங்களிடம் விளக்கம் கேட்டது. சேர் அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்து, “நீங்க செஞ்சதுதானே, பதிலையும் நீங்களே எழுதுங்க” என்றார். இரண்டு பக்கம் எழுதினேன். பெட்டியின் அளவீடுகள் எல்லாம் சரி என்று காட்டினேன். ஹெட்போனை வைக்கும் விதம், அறைக்கு வெளியே இருக்கும் இரைச்சல் என்று சோதனை செய்பவர் விடக்கூடிய பிழைகளை வரிசைப்படுத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் இன்னொரு வாக்கியம் சேர்த்தேன். சோதனை செய்பவருக்கு இடது காது கேட்காது என அறிகிறோம், ஆகவே ஒலியளவு பற்றிய அவருடைய மதிப்பீட்டை அதற்கேற்பவே எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதும்போது தயங்கினேன் என்று சொல்லத் தோன்றுகிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வாதத்தை முடித்துவைக்கும் நல்ல வாக்கியமாகவே அது எனக்குத் தெரிந்தது.

கண்டியில் நிறுவனத்தின் அலுவலகத்தில் கூட்டம் வைத்தார்கள். அதிகாரி அந்த வாக்கியத்தைச் சத்தமாக வாசித்தார். ராத்தா வழக்கம்போல வலது காதை அவர் பக்கமாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடிந்ததும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு நாள் நினைவிருக்காது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டவர் பார்ப்பது போலப் பார்த்தார்.

“இது உண்மையா?” என்று அதிகாரி கேட்டார்.

“ஓ. உண்மதான்” என்றார் ராத்தா. அதற்கு மேல் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதம் அவருடைய இடத்துக்கு வேறொருவர் வந்தார்.

கொரோனா வந்தது. பாடசாலைகள் மூடப்பட்டன. சோதனைத் திட்டம் பாதியில் நின்று பெட்டிகள் எங்கள் அலுவலக அலுமாரிக்குத் திரும்பி வந்தன. மறுபடி எல்லாம் திறந்து ஒரு வருடமாகியிருக்கும். வேறோர் அமைப்பு அதே பெட்டிகளைக் கேட்டது. பற்றரி ஒரு நாள் முழுக்கத் தாங்குமா என்று அவர்கள் கேட்டிருந்ததால், வெளியில் எப்படிப் பாவிப்பார்களோ அதே மாதிரி ஓடவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மழைநாள் பிற்பகல். பெட்டியில் ஒசிலோஸ்கோப்பை மாட்டி ஒலியை எழுப்பினேன். திரையில் பச்சை அலை இரண்டு கட்ட உயரத்தில் ஓடியது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அலை படுத்தது. மறுபடி ஒலியை எழுப்பினேன். அலை நான்கு கட்ட உயரத்தில் எழுந்தது.

கம்பியைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். நான்கு கட்டம்தான். மின்சாரத்தை அணைத்துப் போட்டேன். இரண்டு. பொத்தானை அழுத்தி எழுப்பினேன். நான்கு. மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. ‘காலைல கேக்கல்ல, பத்து மணிக்குக் கேக்குது’ என்று ராத்தா சொன்னது அவர் குரலிலேயே எனக்குள் ஓடியது. அலுவலகத்தில் நான் எத்தனையோ தடவை பெட்டியைச் சோதித்திருக்கிறேன். ஒரு தடவைகூடப் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த ஒலியை அளந்ததில்லை. மின்சாரத்தை அணைத்தால் எப்படியும் ஒலி நிற்கிறதே!

பிழையைக் கண்டுபிடிக்க நீண்ட நேரம் எடுக்கவில்லை. பொத்தான் அழுத்தப்பட்டதும் ஓடும் அந்தச் சிறு துண்டில், எந்தப் பிட்டுகளை வைத்துக்கொள்வது, எவற்றைத் துடைப்பது என்று சொல்லும் எண் ஒன்று இருந்தது. அந்த வகை எண்களில் எஃப் என்ற எழுத்து நான்கு ஒன்றுகளைக் குறிக்கும். மேலே உள்ள நான்கு கட்டளைகளையும் காப்பாற்ற வேண்டிய இடத்தில் அந்த எஃப்தான் இருந்திருக்க வேண்டும். நான் டி என்று அடித்திருந்தேன். டி என்றால் மூன்று ஒன்றுகளும் நடுவில் ஒரு பூச்சியமும். விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள். முதல் பிள்ளை முடிந்து பொத்தானை அழுத்தியதும் அந்தப் பூச்சியம் போய் அளவுக் கட்டளையில் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு மின்சாரத்தை அணைக்கும்வரை வருகிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வோல்ட் இரண்டு மடங்கு. காதுக்கு அது ஆறு டெசிபல். நன்றாகக் கேட்கும் பிள்ளைக்கு ஆறு டெசிபல் ஒரு பொருட்டே அல்ல. கேட்குமா கேட்காதா என்ற ஓரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அதனால் சிவப்பு பச்சையாகிவிடும். அந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பெட்டியையே செய்தோம்.

சேர் கெட்டவர் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுவதையும் கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இப்ப திருத்தியாச்சுதானே? மேம்படுத்தின பதிப்புன்னு போட்டு அனுப்புவோம். பழச கிண்டி என்ன ஆகப்போகுது?” என்றார். நான் சரி என்றேன். இரண்டு வாரம் வேலைக்குப் போய் வந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மடவளைக்குப் போனேன்.

ராத்தா மெலிந்திருந்தார். சீனி வியாதி என்றார். வீட்டின் முன்னறையில் அயல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், அவர்களை அனுப்பிவிட்டு எனக்கு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். நான் எஃப், டி, பொத்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

“ஒரு எழுத்தா?” என்றார்.

“ஒரே ஒரு எழுத்து ராத்தா.”

“மெஷின் பிழையானதுக்கு எனக்குக் கோவமில்ல. மனிசர் செய்ற சாமான், பிழையாகும். பஸ்ஸுல நான் ஒங்களுக்கு மட்டும் செல்லின கத அந்தக் கடுதாசிக்கு எப்படிப் போச்சி?”

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் என் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கொப்பி இருந்தது. பெட்டி பச்சை காட்டியும் தனக்கு மனம் ஒப்பாத பிள்ளைகளின் பெயர்களைப் பாடசாலை வாரியாக எழுதி வைத்திருந்தார். நாற்பதுக்குக் கிட்ட இருக்கும். “என்னட்ட மன்னிப்புக் கேட்டு என்ன செய்யப்போறீங்க? இந்தப் புள்ளைகள்ட உம்மாமார்ட்டப் போய் செல்லுங்க. நானும் வாறன்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஹுன்னஸ்கிரியவுக்குப் போனோம். பஸ்ஸில் அவர் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசத் தொடங்கிய பிறகுதான், அவருடைய இடது பக்கத்தில் இருக்கிறேன் என்று கவனித்தேன். அவர் ஜன்னல் வழியாக நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து போன எல்லாப் பயணங்களிலும் அவர் அப்படித்தான் உட்கார்ந்தார். கடைசிவரை ஒரு தடவைகூட மாற்றவில்லை.

அந்தச் சிறுமியின் அம்மா மலையிலிருந்து இறங்கி, லயத்து வீட்டு வாசலில் கொழுந்துக் கூடையை வைத்துக்கொண்டிருந்தார். ராத்தாவை அடையாளம் கண்டு, “வாங்க மிஸ், உள்ள வாங்க” என்றார். மகள் பள்ளிக்கூடத்தை விட்டுப் பல மாதமாகிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு வகுப்பில் எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். அதுவரை வாயைப் பார்த்துப் பார்த்து எப்படியோ சமாளித்தவளுக்கு அதன் பிறகு எதுவுமே விளங்கவில்லை. “எல்லாரும் வாய மூடிக்கிட்டே பேசுறாங்கம்மான்னு அழுதா மிஸ். படிக்கக் கள்ளத்தனம் பண்றான்னு நெனச்சேன்” என்றார் அம்மா.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பிட், சில்லு எதையும் இழுக்கவில்லை. மெஷின் பிழை, அதைச் செய்தது நான், உங்கள் மகளுக்கு அன்றைக்கே காது சரியாகக் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போய்ச் சாமிப் படத்தின் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அதற்குள் ‘இரு காதும் சரி’ என்று அச்சடித்த அந்தத் துண்டு மடியாமல் இருந்தது.

“இதக் குடுத்தீங்கதானே மிஸ். நல்லா கேக்குதுன்னு எழுதிக் குடுத்தீங்கதானே. அப்ப இவ வேணுமின்னேதான் கேக்காத மாதிரி இருக்கான்னு நெனச்சேன். கூப்புட்டா திரும்ப மாட்டா. அடிச்சேன் மிஸ். வெளக்குமாத்தால அடிச்சேன். அவ அப்பாவும் அடிச்சாரு. எதுக்கு அடிக்கிறோம்னுகூட அவளுக்குக் கேட்டிருக்காதே.”

அவர் அழவில்லை. அந்தத் துண்டை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். ராத்தா அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சிறுமி கதவோரத்தில் நின்று எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். யார் வாயும் அசையாததால் அவளுக்கும் எதுவும் தெரியவில்லை.

சேருக்குத் தெரியாமல் ஒரு கடிதம் எழுதி அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். பிழை என்னுடையது, ராத்தா சொன்னது முழுக்கச் சரி, அவரைப் பற்றி நான் எழுதியது அநியாயம் என்று எழுதினேன். அந்தத் திட்டம் முடிந்துவிட்டது, கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. பிரதியை ராத்தாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தார். “சிங்களத்துலயும் ஒண்டு எழுதியிருக்கலாம். அங்க பெரியவங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியா” என்றார். எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

கொப்பியில் இருந்த பெயர்களில் பாதிக்கு மேல் தேடிப் பிடித்தோம். சிலருக்கு உண்மையிலேயே காது நன்றாகக் கேட்டது. சில குடும்பங்கள் தோட்டத்தை விட்டே போய்விட்டன. கண்டுபிடித்தவர்களில் கேட்காதவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அந்தச் சிறுமிக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டி, பல வருடமாகக் கவனிக்காமல் கிடந்து இரண்டு காதும் கெட்டுப்போயிருந்தன. ஆரம்பத்திலேயே கொண்டுவந்திருந்தால் சின்ன ஒப்பரேஷனோடு முடிந்திருக்கும் என்றார் வைத்தியர். எங்களில் யாரை நோக்கியும் அவர் அதைச் சொல்லவில்லை. அவர் பார்வை கோப்பில்தான் இருந்தது. ஒரு காதில் ஒப்பரேஷன் செய்தார்கள். செவிக்கருவி கொடுத்தார்கள். இரண்டு வகுப்பு கீழே, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஒரு வருடம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு தானாகவே நின்றுவிட்டாள்.

போன வருடம் ராத்தா இறந்துபோனார். சிறுநீரகம் இரண்டும் பழுதாகிக் கடைசி மாதங்களில் படுக்கையோடு இருந்தார். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். அவரும் நானும் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினோம். அந்தக் கூட்டத்தைப் பற்றி அவர் பேசவில்லை. எனக்கும் எடுக்கத் தைரியம் வரவில்லை. மன்னித்தாரா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. மையித்து வீட்டில் பெண்கள் எனக்கு வழிவிட்டு முகத்தைப் பார்க்க விட்டார்கள். அவருடைய மகள் என்னைக் கட்டிக்கொண்டு, “உம்மா ஒங்களப் பத்தி நிறைய செல்லுவாங்க” என்றாள். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

நான் இன்னும் அதே வேலையைத்தான் செய்கிறேன், வேறு கம்பனியில். நிறுத்தச் சொல்லி வரும் சமிக்ஞைக்காக எழுதும் வரிகளை இப்போதெல்லாம் இன்னொருவரையும் வாசிக்கச் சொல்கிறேன். பொத்தானை அழுத்திய பிறகு என்ன நடக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்கள் இதை என் பிடிவாதம் என்று நினைக்கிறார்கள். நான் விளக்குவதில்லை.

ராத்தா இறந்த செய்தியைச் சொல்ல ஹுன்னஸ்கிரியவுக்குப் போனபோது, மகள் ஃபெக்டரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று அம்மா சொன்னார். பதினாறு வயதாகிவிட்டதாம். தேயிலைத் தொழிற்சாலையின் வாசலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கண்டேன். தலையில் வலைத் தொப்பியும் உடம்பெல்லாம் தேயிலைத் தூசுமாகப் படிக்கட்டில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். நான் மெதுவாக, வாயைத் திறந்து திறந்து செய்தியைச் சொன்னேன். என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் கண்கள் நிறைந்தன. “முக்காட்டு மிஸ்ஸா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையசைத்தேன். சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டாள்.

செவிக்கருவி எங்கே என்று காதைத் தொட்டுக் கேட்டேன். வீட்டில் பெட்டியில் இருக்கிறதாம்.

“உள்ள மெசின் போடுற சத்தத்துல யாரு பேசுறதும் யாருக்கும் கேக்காது மிஸ். எல்லாரும் கையாலதான் பேசிக்குவோம். புதுசா வர்றவங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுப்பேன்” என்றாள். தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. “இங்க எல்லாரும் ஒன்னு மாதிரிதான்.”

அவள் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியது. மலையடிவாரம் வரை கேட்கும் சங்கு. எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொள்வதைக் கண்ட பிறகுதான் அவளும் எழுந்து உள்ளே போனாள்.